மாரிசெல்வியின் சம்மதம்

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. நாரணாபுரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த ஆலையில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் அறையில் இத்தனை பேர்தான் உட்கார வேண்டும், இவ்வளவு மருந்துதான் வைக்க வேண்டும் என்றெல்லாம் பலகையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அவை அதிகாரிகள் வந்தால் படித்துவிட்டுப் போவதற்காக. செல்போன் சட்டம் ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது. அதற்குக் காரணம் வாட்ச்மேன் மொக்கைச்சாமி.

கேட்டை ஒட்டிய சுவரில் ஒரு பழைய சேலைத்துணி தொங்கும். அதில் வரிசையாகப் பைகள் வைத்துத் தைத்திருந்தார்கள். காலையில் வேலைக்கு வருகிற பெண்கள் ஆளுக்கொரு பையில் போனைப் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். பகலில் எந்தப் போன் அடித்தாலும் மொக்கைச்சாமிதான் எடுப்பார். அந்தப் பக்கம் மாமியாரா, டீச்சரா, சீட்டு பிடிக்கிறவரா என்று விசாரிக்க மாட்டார். "உள்ள வேலையா இருக்காக. சாயங்காலம் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிடுவார். எவ்வளவு குடைந்து கேட்டாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. யார் வீட்டுச் சங்கதியும் அவரைத் தாண்டி வெளியே போனதில்லை.

சித்திரை மாதத்தில் ஒருநாள் மாரிசெல்வியின் போன் அடித்தது. மொக்கைச்சாமி எடுத்து வழக்கம்போலச் சொன்னார். போனைத் திரும்பப் பையில் போடுவதற்குள் பின்வரிசையில் ஓர் அறை வெடித்துப் போய்விட்டது. மாரிசெல்வி அந்த அறையில்தான் புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள்.

மற்றதைச் சொல்ல எனக்கு மனமில்லை. பேப்பரில் போட்டார்கள். மறுநாள் பேப்பரில் வேறு ஊரைப் பற்றிப் போட்டார்கள்.

அவள் கணவன் சங்கிலிமுத்து தீப்பெட்டி கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். அவனிடம் மொக்கைச்சாமி போனைக் கொடுத்தார்.

"இந்தாப்பா. இதுக்கு ஒரு கீறல் இல்ல" என்றார். அதைச் சொன்னதற்காகவே பிறகு ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதார்.

சங்கிலிமுத்து வைத்திருந்தது பட்டன் போன். மனைவியின் போனை அவன் தொட்டுப் பழகியதில்லை. அது நம்பர் போட்டால்தான் திறக்கும். பட்டாசு வேலை பார்க்கிற பெண்களுக்கு விரலில் ரேகை நிற்பதில்லை, மருந்து தின்றுவிடும். ரேஷன் கடை மிஷினில் மாரிசெல்வி விரலை வைத்தால் மிஷின் அவளை ஆளாகவே மதிக்காது. அதனால் போனிலும் விரல் பூட்டு வைக்கவில்லை. அந்த நம்பரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

பூட்டுக்குள்ளே அவள் குரல் இருந்தது. பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரிப் பாட்டுப் பழகுவதற்காக அடுப்படியில் நின்று பாடி, போனில் பிடித்து வைத்துக்கொள்வாள். அதைத் தானே திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரிப்பாள். "எனக்கும் போடேன்" என்று அவன் கேட்டால், "நல்லா வரட்டும், அப்பொறம் கேளுங்க" என்பாள். யாருக்கும் அனுப்பவும் மாட்டாள், வெட்கம். திருவிழாவில் ஊர்க்காரர்கள் எடுத்த வீடியோக்களைச் சங்கிலிமுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவள் குரலை மூடிக்கொண்டு குழாய் ஒலிபெருக்கிதான் பாடியது. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பேச்சு ஒன்றுதான் அந்த வீட்டின் சத்தமாக இருந்தது. இப்போது அங்கே குக்கர் விசில் கூடக் கேட்பதில்லை.

அவனுக்கு அந்தப் பாட்டு வேண்டும். அவ்வளவுதான் அவன் இந்த உலகத்திடம் கேட்டது.

சிவகாசியில் போன் கடைக்காரர், "பூட்ட உடைச்சிரலாம்ணே. ஆனா உள்ள இருக்கிற அம்புட்டும் அழிஞ்சிரும்" என்றார். பிறகு எதற்கு உடைப்பது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். தினமும் மறக்காமல் சார்ஜ் மட்டும் போட்டான்.

பூட்டிய போனில் யாரையும் கூப்பிட முடியாது. ஆனால் வருகிறவர்கள் வரலாம். கருமாதியன்று முதல் அழைப்பு வந்தது, ஒரு பெண் குரல்.

"மாரிசெல்வி மேடமா?"

"அவ வீட்டுக்காரரு பேசுறேன்."

"மேடம்கிட்ட குடுங்க சார். அவங்களுக்கு மட்டும் ஒரு ஆஃபர் இருக்கு."

"அவ செத்துப் போனா தாயி."

"சாரி சார். குறிச்சுக்கிறேன் சார்."

குறித்துக்கொண்டது மட்டுமல்ல, நாலு இடத்தில் சொல்லியும் வைத்தாள் போலிருக்கிறது. மறுநாளே ஒருவர் இறந்தவர் படத்துக்கு அணையாத பல்பு மாட்டித் தருவதாகச் சொன்னார். ஒருவர் காசியில் கரைக்க வேண்டியதைக் கூரியரில் அனுப்பினால் தாங்களே கரைத்து வீடியோ அனுப்புவதாகச் சொன்னார். ஒரு பெண் மிக மரியாதையாக, மனைவியை இழந்த ஆண்களுக்கு மட்டுமே வரன் பார்க்கும் தங்கள் நிறுவனத்தில் இந்த வாரம் சேர்ந்தால் ஜாதகம் பார்ப்பது இலவசம் என்றாள். சங்கிலிமுத்து ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, தன் மனைவி செத்துப்போனதை முதலிலிருந்து சொன்னான். சொல்லச் சொல்ல அழைப்பு பெருகியது.

ஒருநாள் பூமடி என்ற கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம் மதுரைக்கு ரெண்டாவது தடவை வரணும்னு சொல்லியிருந்தோமே சார். ஊசி போடுற தேதி தாண்டிருச்சு."

"என்ன ஊசி?"

"குழந்தைக்குத்தான் சார். பெண்களுக்கான எங்க பூமடி ஆப்ல மேடம் பதிவு பண்ணியிருக்காங்க. மாசாமாசம் குளிச்ச தேதியெல்லாம் எங்ககிட்ட இருக்கு. வேணும்னா வாசிக்கவா சார்?"

அவன் போனை வைத்துவிட்டான். மாரிசெல்வி போன தையில் மதுரைக்குப் போனது அக்காளைப் பார்க்க என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். மறுநாள் தொட்டில் விற்கிறவர் கூப்பிட்டார். அதற்கடுத்து, பிள்ளைகளுக்குப் போடுகிற நாப்கின். மனைவி மனசுக்குள் வைத்திருந்தது தொட்டில் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, நாப்கின் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத் தெரியவில்லை.

யாரோ சொல்லி, சூலக்கரையில் தகவல் நம்பிக்கை மையம் என்று ஒன்று இருப்பது தெரிய வந்தது. செல்போன் வைத்திருக்கிற ஜனங்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது. யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் அது மட்டும் அந்தரங்கம். சங்கிலிமுத்து ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனான்.

வாசலில் ஒருவர் அவனை நிறுத்தி முகத்தைப் படம் பிடித்தார். நம்பரைக் கேட்டார். பட்டன் போனுக்கு வந்த ரகசிய எண்ணை உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு கண்ணை அகலத் திறக்கச் சொல்லி அதையும் படம் பிடித்தார்.

"இம்புட்டும் எதுக்குங்க?"

"உங்க தகவல் பத்திரமா இருக்கணும்ல. எங்ககிட்ட குடுத்தாத்தான நாங்க பத்திரமா வைக்க முடியும்."

நியாயமாகத்தான் பட்டது. உள்ளே போய் உட்கார்ந்தான். மைக் முன்னால் கற்பகம் என்ற பெண் இருந்தாள். அந்தரங்கம் கருதி அந்த ஆபீசில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று சுவரில் எழுதியிருந்தது.

"ஆலங்குளத்துல இருந்து வந்திருக்கிற மூலவியாதிக்காரர் உள்ளே வரவும்" என்றாள் கற்பகம்.

ஒரு பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மைக் பேசியது.

"நாரணாபுரம் வெடிவிபத்துல சம்சாரத்தப் பறிகுடுத்தவர், பிள்ளை இல்லாதவர், உள்ளே வரவும்."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கிலிமுத்து எழுந்து அவளிடம் போய், "பேரச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம்லம்மா" என்றான்.

"பேரச் சொல்லிறக் கூடாதுண்ணே. நாளப்பின்ன யாராச்சும் உங்கள அடையாளம் கண்டுக்கிட்டா?" என்றாள் அவள். கெட்ட பெண் இல்லை. சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

உள்ளே நம்பிக்கை அலுவலர் விக்னேஷ்குமார் இருந்தார். அவர் அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடிச் சுவர். ஒளிவு மறைவு இல்லை என்பதற்காக அப்படிக் கட்டியதாம். சங்கிலிமுத்து போனை மேஜையில் வைத்துத் தன் கதையைச் சொன்னான். போன் திறந்தால் போதும், ஒரு பாட்டு இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் போய்விடுவேன் என்றான்.

"இறந்தவங்களோட அந்தரங்கம் இறந்தவங்களுக்கே சொந்தம்" என்றார் விக்னேஷ்குமார். "அவங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். தொட்டா மக்கள் எங்களை எப்படி நம்புவாங்க?"

"அவ செத்துட்டாளே சார்."

"இருக்கட்டும். கேட்டுப் பார்த்துருவோம்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். மேஜை மேலிருந்த மாரிசெல்வியின் போன் ஒரு முறை முனகியது. உங்கள் தகவலைக் கணவருடன் பகிரச் சம்மதமா என்று அதற்குச் செய்தி போயிருக்கிறது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலிமுத்துவுக்கு ஒரு கணம், அவள் பதில் சொல்லிவிடுவாள் என்றே தோன்றியது.

"பதில் இல்லை" என்றார் விக்னேஷ்குமார். "பதில் இல்லைன்னா மறுப்புன்னு அர்த்தம். விதி அப்படி."

"அப்ப அந்தக் கம்பெனிக்காரங்க எல்லாம் அவகிட்டக் கேட்டாகளா?"

"கேட்டிருப்பாங்க. வேண்டாம்னு அவங்க பதில் போடலை. கம்பெனிகளைப் பொறுத்தவரைக்கும் பதில் இல்லைன்னா சம்மதம். அது வேற விதி."

அவனுக்குப் புரியவில்லை. புரியாததைப் புகாராகப் பதிந்துகொண்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடுவோம், அதற்கு முன்னால் சிவகாசியில் நம்பிக்கை விழா இருக்கிறது, கட்டாயம் வாருங்கள், விசாரணைக்கு உதவும் என்றார் விக்னேஷ்குமார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் நம்பரையும் பிறந்த தேதியையும் கொடுத்தவர்களுக்குப் பன்னீர் தெளித்து, 'என் தகவல் என் உரிமை' என்று எழுதிய தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பாட்டில் வாங்கக் கூட்டம் முண்டியடித்தது. மேடையில் விக்னேஷ்குமார் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. முன்பெல்லாம் மக்கள் தங்கள் ரகசியத்தைத் தாங்களே சுமந்துகொண்டு கஷ்டப்பட்டார்கள். இன்று அந்தப் பாரத்தை நாங்கள் இறக்கி வைத்திருக்கிறோம். உங்கள் தகவல் எங்களிடம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது தெரியுமா? எங்கே இருக்கிறதென்று எங்களுக்கே தெரியாது. எங்கள் மையத்தின் மீது புகார் கொடுத்தவர்கள் யார் யார், அவர்கள் வீடு எங்கே, வீட்டில் எப்போது ஆள் இருக்க மாட்டார்கள் என்பது வரை நாங்கள் கவனமாகக் காத்து வருகிறோம். நம்பிக்கை என்பது என்ன? கேள்வி கேட்காமல் இருப்பது. இந்த மாவட்ட மக்கள் கேள்வியே கேட்பதில்லை. அதற்காக உங்களுக்கு என் நன்றி."

ஜனங்கள் கையிலிருந்த பாட்டிலைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பிறகு சங்கிலிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, மாரிசெல்வியின் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். அவன் சிரிக்க முயன்ற அந்தப் படம், 'நம்பினேன், வந்தேன்' என்ற எழுத்தோடு திருத்தங்கல் ரோட்டில் பெரிய பேனராக நின்றது. லோடு ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வான்.

விசாரணை நாள் வந்தது. அவனிடம் வேறு நல்ல சட்டை இல்லாததால் கல்யாணத்துக்கு எடுத்ததைப் போட்டுக்கொண்டு போனான். விக்னேஷ்குமார் உற்சாகமாக இருந்தார்.

"உங்க மனைவி தகவல் திருட்டுப் போகலை. பூமடிக்கு அவங்களே சம்மதம் குடுத்திருக்காங்க. எழுத்துல இல்லை. வழக்கமா விரல் ரேகைதான் வாங்குவாங்க. இங்கே பட்டாசு வேலை பாக்குறவங்களுக்கு ரேகை விழுறதில்லைன்னு, இந்தப் பகுதிக்கு மட்டும் குரல் சம்மதம் வாங்கியிருக்காங்க. ஆதாரம் வந்திருச்சு. கேளுங்க."

சங்கிலிமுத்து எதைக் கேட்கப் போகிறோம் என்று உணர்வதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் சடசடவென்று ஒப்பித்தாள். உங்கள் பெயர், இருப்பிடம், உடல்நிலை, நீங்கள் பேசுகிறவர்கள் ஆகிய விவரங்களை எங்கள் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?

"ம், சம்மதம்" என்றாள் மாரிசெல்வி. "வெரசாக் கேளுங்க தாயி, உலை கொதிக்குது."

சங்கிலிமுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பின்னால் உலை கொதிக்கிற சத்தமும் கேட்டது. அது அவன் வீட்டு அடுப்பு.

கூட்டாளிகளின் கூட்டாளிகளுடன்?

"சம்மதம்."

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

கொஞ்ச நேரம் ஸ்பீக்கரில் உலை மட்டும் கொதித்தது. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிய வேணாம். அவுக மனசு தாங்காது. டாக்டரம்மா என்ன சொன்னாகன்னா..."

"நிறுத்துங்க சார்" என்றான் சங்கிலிமுத்து.

விக்னேஷ்குமார் நிறுத்தினார். அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

"பாத்தீங்களா? அவங்க வெச்ச கோரிக்கை அது ஒண்ணுதான். எங்க அமைப்பு அதை இன்னிக்கு வரைக்கும் மீறலை. எத்தனையோ கம்பெனிக்கு அவங்க தகவல் போயிருக்கு. உங்களுக்கு மட்டும் போகலை. இதைத்தான் நம்பிக்கைன்னு சொல்றோம்."

"இப்பப் போட்டுட்டீகளே சார்."

"இது விசாரணை. விசாரணைக்கு அந்தரங்கம் கிடையாது." அவர் திரையைப் பார்த்தார். "இன்னும் நிறைய இருக்கு. பூமடிக்கு மைக் அனுமதியும் குடுத்திருக்காங்க. அதனால அடுப்படியில பேசுனது, பாடுனது எல்லாமே பதிவாயிருக்கு. நீங்க கேட்ட பாட்டு கூட இருக்கு. முளைப்பாரின்னு போட்டிருக்கு பாருங்க."

சங்கிலிமுத்து நிமிர்ந்தான்.

"அதப் போடுங்க சார். அது மட்டும் போதும்."

"தாண்டிப் போட முடியாது. ஆதாரத்தை வரிசையாத்தான் கேக்கணும். முதல்ல டாக்டர் சொன்னது. அப்புறம் பாட்டு."

"அது ஓடுறப்ப நான் காதப் பொத்திக்கிட்டு இருக்கட்டா?"

"முடியாதே. ஒவ்வொரு பகுதியும் முடிஞ்சதும் அதுல என்ன கேட்டீங்கன்னு இந்த மைக்ல திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்தது ஓடும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கற்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருந்த ஜனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கிலிமுத்து ஸ்பீக்கரையே பார்த்தான். அதற்குள்ளே அவள் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு பொத்தானை அழுத்தினால் பாடுவாள். டாக்டரம்மா சொன்னது என்னவாக இருக்கும் என்று அவனுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. பிள்ளை இல்லாததற்குக் குறை யாரிடம் என்பதும், அதை அவள் எதற்காக மறைத்தாள் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் வாயால் அதைச் சொல்லிக் கேட்டுவிட்டால், அவள் பொத்தி வைத்தது ஒன்றுமே மிஞ்சாது.

அவனுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"வேணாம் சார்" என்றான்.

"ஏன்? உங்களுக்கு உரிமை இருக்கு."

"அவ எனக்குத் தெரிய வேணாம்னுட்டா சார்."

"அவங்கதான் இறந்துட்டாங்களே" என்றார் விக்னேஷ்குமார்.

சங்கிலிமுத்து எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். அவன் போன பிறகு கற்பகம் கம்ப்யூட்டரில், மனுதாரர் ஆதாரத்தைக் கேட்டு நிறைவடைந்தார் என்று பதிந்தாள். அப்படித்தான் பதிய வேண்டும், வேறு பதில் அதில் இல்லை. பதிந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடாமல் மைக்கை அணைத்து வைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். நிழலுக்கு ஒரு மரம் கூட இல்லை. சங்கிலிமுத்து நின்றுகொண்டிருந்தபோது சட்டைப்பையில் மாரிசெல்வியின் போன் அடித்தது. புது நம்பர். எடுத்தான்.

"வணக்கம். மாரிசெல்வி மேடம் இருக்காங்களா?"

வழக்கமாகச் சொல்கிறது நாக்கு வரைக்கும் வந்தது. அதை அவன் சொல்லவில்லை.

"அவுக உள்ள வேலையா இருக்காக" என்றான். "சாயங்காலம் கூப்பிடுங்க."